மூன்று சில்லும் ஒரு வெறுங்கதிரையும்

அன்புள்ள தம்பிக்கு,

இஞ்சை நானும் அம்மாவும் நல்ல சுகம் எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தனான். எடுத்தாப்பிறகு யோசிச்சன், கடிதத்தின்ரை முதல் வரியே பொய்யாய்ப் போகுமே எண்டு. அதாலை அதை விட்டிட்டன். உங்கை பனி கரைஞ்சிருக்கும். இஞ்சை வெயில் மண்டையைப் பிளக்குது. அம்மா குசினியிலை முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கிறா. எனக்கு முழங்கால் நோகுது, சரியான களைப்பாயும் கிடக்கு. இது வயசுக் களைப்பு மட்டும் இல்லை மோனை. எட்டு மாசமா ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறன். அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கடிதம்.

போனிலை சொல்லலாமே அப்பா எண்டு நீ கேப்பாய். போனிலை ஏலாது. நான் ரெண்டு வசனம் சொல்ல முதல் நீ கத்துவாய், பேந்து நானும் கத்துவன், அதுக்குள்ளை அம்மா வந்து போனைப் பறிச்சு, "அவர் சும்மா அலட்டுறார் தம்பி, நீ வேலைக்குப் போ" எண்டு வைச்சிடுவா. கடிதத்துக்கு இடையிலை நீ கத்த ஏலாது. முழுக்க வாசி. வாசிச்சு முடிச்சிட்டுக் கத்து.

விசயத்தைச் சொல்லுறன். அம்மா கிணத்தடியிலை வழுக்கி விழேல்லை. கிணத்தடியிலை பாசியும் இருக்கேல்லை. அவவை மோட்டார் சைக்கிளிலை பின்னுக்கு ஏத்திக்கொண்டு போய் விழுத்தினது நான்தான். அவவின்ரை கணுக்காலுக்கு மேலை எலும்பு முறிஞ்சது என்னாலைதான். எழுதிப்போட்டன்.

போன முறை நீ வந்திட்டு வெளிக்கிட்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. வான் படலையடியிலை நிக்குது, பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. நீ திரும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சு உன்ரை தலையிலை வைச்சனி. "அப்பா, உங்கடை முழங்கால் இனித் தாங்காது. நீங்கள் தனிய ஓடினா ஓடுங்கோ, அம்மாவை மட்டும் ஏத்தாதேங்கோ. என்ரை தலையிலை அடிச்சுச் சொல்லுங்கோ" எண்டனி. நான் சிரிச்சுக்கொண்டு அடிச்சுச் சத்தியம் பண்ணினன். நாற்பது வருசத்துக்கு மேலை மோட்டார் சைக்கிள் ஓடுற எனக்கு இவன் என்ன சொல்லுறது எண்டு மனசுக்குள்ளை ஒரு கெப்பர். நீ போய் ரெண்டு மாசம்கூட அந்தச் சத்தியம் நிக்கேல்லை.

அண்டைக்கு அம்மாவுக்குச் சாவகச்சேரி ஆஸ்பத்திரியிலை பிரஷர் கிளினிக். ஓட்டோக்காரன் வேறை ஓட்டம் போட்டான். நேரம் போகுது, முன்னுக்குப் போனாத்தான் நம்பர் கிடைக்கும். நான் அம்மாவைப் பாத்தன், அவ என்னைப் பாத்தா. "தம்பிக்குச் சத்தியம் பண்ணினனீங்களெல்லே?" எண்டு கேட்டவ. "தம்பி என்ன, உங்கை மதிலிலை இருந்தே பாக்கிறான்?" எண்டு சொன்னன். புத்தூரிலை இருந்து மீசாலைக்குப் போற வீதியிலை, அந்த வெளியிலை, நாலைஞ்சு மாடுகள் குறுக்கை வந்துது. நான் வேகமாய்ப் போகேல்லை. பக்குவமாய்த்தான் நிப்பாட்டினன். நிப்பாட்டி இடது காலை ஊண்டினன். தார் விளிம்பு கொஞ்சம் பள்ளம், முழங்கால் மடங்கிப் போச்சு. அவ்வளவுதான். அம்மா வழமைபோலை இடப்பக்கம் ரெண்டு காலையும் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு பக்கமாய்த்தான் இருந்தவ. அந்தப் பக்கமே மோட்டார் சைக்கிள் மெல்ல மெல்லச் சரிஞ்சுது. பிடிக்கலாம், பிடிக்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டே விழுந்தன். ஓடேக்கை விழுந்திருந்தாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும். நாங்கள் நிண்டு விழுந்தனாங்கள். அவவின்ரை காலுக்கு மேலை முழுப் பாரமும். அவ கத்தேல்லை. முதல்லை சீலையை இழுத்துவிட்டா. பிறகு, "மாடுகள் போயிட்டுதோ?" எண்டு கேட்டா.

ஆரோ வானிலை போன சனம் ஏத்திக்கொண்டு போய் ஆஸ்பத்திரியிலை விட்டினம். பின்னேரம் நீ வழமையா எடுக்கிற நேரத்துக்கு வீடியோவிலை எடுத்தனி. அம்மா கட்டிலிலை, காலிலை கட்டோடை. உன்ரை முகம் அப்பிடியே வெளிறிப்போச்சு. "என்னப்பா நடந்தது?" எண்டு கேட்டனி. எனக்கு உன்ரை தலையிலை வைச்ச கைதான் ஞாபகம் வந்துது. பிள்ளையின்ரை தலையிலை அடிச்சுப் பண்ணின சத்தியத்தை முறிச்சுப்போட்டு, அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து எப்பிடி மோனை சொல்லுறது? வாய் தன்பாட்டிலை சொல்லிச்சுது, "கிணத்தடியிலை வழுக்கிப்போட்டா." சொல்லிப்போட்டு அம்மாவைப் பாத்தன். நான் போனை அவவிட்டை குடுத்தன். "ஓம் தம்பி, பாசி" எண்டு சொன்னா. அந்த ஒரு சொல்லுக்கு நான் அவவின்ரை காலிலை விழவேணும், அந்த முறிஞ்ச காலிலை.

அதோடை முடிஞ்சிருந்தாலும் பரவாயில்லை. நீ நல்ல பிள்ளை, அதுதான் பெரிய கரைச்சல். நீ விட்டனியே? கிணத்தடிக்குப் புதுச் சீமெந்து போடுவிச்சனி. சொரசொரப்பான கல்லுப் பதிப்பிச்சனி. அதுவும் காணாதெண்டு ஆளை அனுப்பி, கிணத்தைப் பாத்தபடி ஒரு கமரா பூட்டுவிச்சனி. அம்மா ஆரெண்டு உனக்குத் தெரியும். விடிஞ்சவுடனை நெஞ்சுக்கு மேலை கட்டின குறுக்குக்கட்டோடை போய் ரெண்டு வாளி அள்ளித் தலையிலை ஊத்தாட்டில் அவவுக்கு நாள் விடியாது. கலியாணம் முடிச்சு வந்த நாளிலை இருந்து அப்பிடித்தான். கமரா பூட்டின நாள் தொட்டு அவ அந்த இருட்டுக் குளியலறைக்குள்ளை பைப்பைத் திறந்து குளிக்கிறா. கமராவுக்கு முன்னாலை எப்பிடியடா ஒரு பொம்பிளை குளிக்கிறது? ஒரு கறிவேப்பிலை முறிக்கப் போனாலும் கனடாவிலை இருந்து போன் அடிக்குது. "எங்கை அம்மா போறியள்? மறுபடியும் விழப் போறியளோ?" நீ அன்பிலைதான் கேக்கிறாய், எனக்குத் தெரியும். ஆனா அவ செய்யாத பிழைக்கு ஒவ்வொரு நாளும் ஏச்சு வாங்குறா. அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்திலை இருந்து பிளேன்ரீ குடிக்கிறன். என்ன மனிசன் நான், சீ.

உனக்குப் பதினஞ்சு பதினாறு வயசிருக்கேக்கை நடந்த ஒண்டு இப்ப அடிக்கடி நினைவுக்கு வருது. நீ எனக்குத் தெரியாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலடிக்குப் போய், அங்கை நிப்பாட்டேக்கை விழுத்திப்போட்டாய். கண்ணாடி உடைஞ்சு, டாங்கி நசுங்கி. ஒளிச்சு வைக்கேல்லை. நேரை என்னட்டை உருட்டிக்கொண்டு வந்து, "அப்பா, நான்தான் விழுத்தினனான்" எண்டு சொன்னனி. கோயிலடிச் சனம் அரைவாசி உனக்குப் பின்னாலை வந்து நிண்டுது. நான் உன்ரை கன்னத்திலை விட்டன் ஒரு அறை. "நிக்கிற மோட்டார் சைக்கிளை விழுத்திறவனெல்லாம் ஒரு ஆம்பிளையோ?" எண்டும் கேட்டன். அடுத்த வருசம் இன்னொரு கீறல் விழுந்துது. அப்ப நீ, "ஆரோ இடிச்சுப்போட்டாங்கள் அப்பா" எண்டனி. பொய்யெண்டு எனக்குத் தெரியும். அதுக்கு நான் அடிக்கேல்லை. உண்மையைச் சொன்ன நேரம் அடிச்சன், பொய் சொன்ன நேரம் விட்டன். உன்ரை பிள்ளையள் ஏதும் உடைச்சுக்கொண்டு வந்து நிண்டா, முதல் கொஞ்சம் பொறு. கையைக் கட்டிக்கொண்டு நில்லு. எனக்கு அது தெரியாமல் போச்சு. அந்த அறைக்கு இப்ப மன்னிப்புக் கேக்கிறன். நிக்கிற மோட்டார் சைக்கிளை நானும்தான் விழுத்தினனான்.

இனி நீ அறியாத இன்னொரு கதை. உன்ரை கமரா கிணத்தைத்தான் பாக்குது, முன்வளவைப் பாக்கேல்லை, அதாலை தப்பினன். முந்தி நீ எனக்கு ஒரு வீடியோ அனுப்பினனி. பெரிய வாவிக் கரையிலை ரெண்டு வெள்ளைக்காரக் கிழடுகள், மூண்டு சில்லு வைச்ச ஒரு பெரிய மோட்டார் சைக்கிளிலை ஊர் சுத்தப் போகுதுகள். முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு ரெண்டு. மனிசி பின்னுக்கு, கைபிடியும் சாய்வும் உள்ள கதிரையிலை மகாராணி கணக்கா இருக்கிறா. "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் இனி இதுதான் சரி" எண்டு பகிடிக்கு எழுதியிருந்தனி. அம்மாவுக்குக் கட்டுக் கழட்டினாப்பிறகு நான் அந்த வீடியோவைத் தேடி எடுத்து, சாவகச்சேரியிலை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனன். அந்த மெக்கானிக் யோகனுக்கு இடது கால் இல்லை, செயற்கைக் கால். தனக்கும் தன்னைப்போலை கனபேருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு மூண்டு சில்லு பூட்டிக் குடுக்கிறவர். வீடியோவைப் பாத்திட்டு, "ஐயா, இது கப்பல். எங்கடை ஒழுங்கைக்குள்ளை திருப்ப ஏலாது. நான் வள்ளம் ஒண்டு செய்து தாறன்" எண்டார்.

அதைப் பதியிறதுக்கு டொக்டரின்ரை கடிதம் வேணும், கால் இயலாத ஆள் எண்டு. அந்தச் சொல்லை வாங்கத்தான் எனக்கு ஏலாமல் இருந்துது. மூண்டு தரம் டொக்டரின்ரை வாசல் மட்டும் போய்த் திரும்பி வந்தனான். நாலாந்தரம் போய் இருந்து, "எழுதுங்கோ டொக்டர்" எண்டன். எழுதித் தந்தார். வீட்டை வந்து படுத்தவன் பின்னேரம்தான் எழும்பினன்.

ரெண்டு சில்லு ஓடினவனுக்கு மூண்டு சில்லு லேசு எண்டு நினைச்சனான். ஒரு மண்ணும் இல்லை. ரெண்டு சில்லிலை வளைவு வந்தா உடம்பைச் சரிச்சாக் காணும், அது தன்பாட்டிலை திரும்பும். இது திரும்பாது. கையாலை பிடிச்சு முறிக்கவேணும், மாட்டின்ரை கொம்பைப் பிடிச்சுத் திருப்பிறமாதிரி. முதல் நாள் நான் உடம்பைச் சரிச்சுக்கொண்டு நேரை பக்கத்து வளவு வேலிக்குள்ளை போனன். கிளுவங் கதியால் ரெண்டு முறிஞ்சுது, வேறை சேதமில்லை. பள்ளம் வந்தா முந்தி வெட்டி ஓடலாம், இப்ப ஏதாவது ஒரு சில்லு கட்டாயம் விழும். எல்லாத்திலும் பொல்லாதது காலை ஊண்டுற பழக்கம். யோகன் தலைப்பாடாய் அடிச்சவர், "ஐயா, நிப்பாட்டேக்கை காலை இறக்காதேங்கோ, அது தானாய் நிக்கும். நீங்கள் ஊண்டினா உங்கடை பின்சில்லே உங்கடை காலிலை ஏறும்" எண்டு. கேட்டனே? புத்தூர்ச் சந்தியிலை நிப்பாட்டேக்கை இடது கால் தன்பாட்டிலை இறங்கிச்சுது. பின்சில்லு செருப்பின்ரை குதியிலை ஏறி, செருப்பு பிய்ஞ்சு நடு றோட்டிலை கிடந்துது. வாழைப்பழம் விக்கிற மனிசி, "ஐயா, செருப்பை விட்டிட்டுப் போறியள்!" எண்டு கூப்பிட்டா, சந்தி முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சன், என்ன செய்யிறது. விழாமல் இருக்கவெண்டு இவ்வளவு காலமும் ஊண்டின கால், இப்ப ஊண்டினா முறியும். இதை இந்த வயசிலை உடம்புக்குச் சொல்லிக் குடுக்கிறது சரியான பாடு.

இன்னொண்டு சொல்லவேணும். ஒருநாள் யோகன் எனக்குப் பின்னாலை தன்ரை வண்டியிலை வந்திட்டு, "ஐயா, ஏன் வலப்பக்கம் சரிஞ்சு ஓடுறியள்? நாரிப் பிடிப்போ, இடுப்பு நோகுதோ?" எண்டு கேட்டார். எனக்குத் தெரியவே தெரியாது. பிறகுதான் விளங்கிச்சுது. அம்மா எப்பவும் இடப்பக்கம் இருப்பா. அந்தப் பாரத்துக்கு ஈடாக நான் வலப்பக்கம் கொஞ்சம் சரிவன். கலியாணம் முடிச்ச நாள் தொட்டு அப்பிடியே ஓடி ஓடி, இப்ப அவ இல்லாமல் தனிய ஓடினாலும் உடம்பு சரிஞ்சுதான் நிக்குது. அண்டைக்கு வீதியோரம் நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் அழுதனான். உனக்கு இதைச் சொல்ல வெக்கமாய்த்தான் இருக்கு.

நான் இவ்வளவு பாடுபட்டது என்னத்துக்கு? அவ இனிப் பயமில்லாமல் ஏறவேணும் எண்டுதானே. பின்னுக்கு அவவுக்கெண்டு கதிரை வைச்சு, சாய்வு வைச்சு, ரெண்டு பக்கமும் கைபிடி வைச்சு, கால் வைக்கப் பலகை அடிச்சு, மெத்தைக்குச் சிவப்புத் துணி போடுவிச்சன். வீட்டை கொண்டுவந்து, "இஞ்சாரும், வந்து இருந்து பாரும்" எண்டன். வந்து சுத்திப் பாத்தா. கைபிடியைத் தடவிப் பாத்தா. "நல்லாத்தான் இருக்கு" எண்டிட்டு உள்ளுக்குப் போயிட்டா. அடுத்த கிழமை கிளினிக்குக்குக் கூப்பிட்டன், தலைச்சுத்து எண்டா. பிறகு சீலை சில்லுக்குள்ளை சிக்கும் எண்டா. பிறகு காரணம் சொல்லுறதையும் விட்டிட்டு பஸ்ஸிலை போகத் தொடங்கினா, அந்த நொண்டுற காலோடை. நான் என்ன செய்ய? பஸ்ஸுக்குப் பின்னாலை மூண்டு சில்லிலை ஓடினன். பஸ் நிக்கிற இடமெல்லாம் நானும் நிப்பன், காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு. பின்னுக்குச் சிவப்புக் கதிரை வெறுமையாய். பஸ்ஸிலை இருக்கிற சனம் யன்னலாலை எட்டிப் பாக்கும். அம்மா மட்டும் பாக்கமாட்டா. ரெண்டு மாசமா இதுதான் நடக்குது. அவ சில்லுக்குத்தான் பயப்பிடுறா, காலம் போகத் தெளிவா எண்டு நானே எனக்குச் சொல்லிக்கொண்டன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தனி. அம்மா கிணத்தடியிலை காய்ஞ்ச ஓலை ஒண்டை இழுத்ததைக் கமராவிலை கண்டிட்டாய். "எத்தினை தரம் அம்மா சொல்லுறது? உங்கடை கவனக்குறைவாலைதானே இவ்வளவும் வந்தது? அப்பா பாவம், இந்த வயசிலை உங்களைத் தூக்கித் திரியிறார்" எண்டு ஏசினனி. அம்மா, "ஓம் தம்பி. பிழை என்ரைதான்" எண்டு சொல்லிப்போட்டு போனை வைச்சா. அப்பா பாவம்! அந்தச் சொல்லு எனக்குச் செவிட்டிலை அறைஞ்சமாதிரி இருந்துது. அவ ஒண்டும் நடவாதமாதிரிப் போய்ப் பயித்தங்காய் முறிக்கத் தொடங்கினா. நான் போய் அவவுக்கு முன்னாலை நிலத்திலை இருந்தன். இருந்தா எழும்புறது கஷ்டம் எண்டு தெரிஞ்சும் இருந்தன்.

"இஞ்சாரும், நான் தம்பிக்கு எழுதப்போறன்."

"என்னத்தை?"

"நடந்ததை. முழுக்க."

அவ தலையை நிமித்தேல்லை. பயித்தங்காயை முறிச்சுக்கொண்டே, "எழுதிப் போட்டிட்டுச் சொல்லுங்கோ. நான் ஏறுறன்" எண்டா.

எனக்கு விளங்கேல்லை. "அப்ப நீர் சில்லுக்குப் பயந்து இல்லையோ?" எண்டு கேட்டன்.

அப்பதான் நிமிந்து பாத்தா. "சில்லு மூண்டென்ன, முப்பதென்ன? விழுந்ததுக்கு நான் ஒரு நாளும் கோவிக்கேல்லை. கால் மடங்கினா நீங்கள் என்ன செய்வியள்? ஆஸ்பத்திரியிலை எனக்கு முன்னாலை இருந்துகொண்டே அந்தப் பொய்யைச் சொன்னியள். பிறகு எட்டு மாசம் ஒருக்காலும் அதைப்பற்றி என்னோடை கதைக்கேல்லை. என்னைக் கதிரையிலை இருத்தினா எல்லாம் சரி எண்டு நினைச்சியள். உங்களுக்குப் பின்னாலை இருக்கிறதெண்டா எனக்கு உங்களிலை நம்பிக்கை வேணும், கதிரையிலை இல்லை." இவ்வளவையும் சத்தம் போடாமல் சொல்லிப்போட்டு, "எழும்புங்கோ, முழங்கால் பிடிக்கப்போகுது" எண்டு கையைத் தந்தா.

அவ்வளவுதான் மோனை, இறக்கி வைச்சாச்சு. எனக்கு ஏசவேணுமெண்டா வடிவா ஏசு, எட்டு மாசத்துக்கும் சேத்து ஏசு. உன்ரை தலையிலை பண்ணின சத்தியத்தை முறிச்ச நாளிலை இருந்து, நீ பனியிலை கார் ஓடுறாய் எண்டு கேட்டாலே, என்னாலை உனக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயம். ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறன். பிள்ளையாருக்குச் சொன்னதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவு காலம் எடுத்துது. ஆனா எனக்கு எடுக்க முதல் அம்மாவுக்கு எடு. "அம்மா, நீங்கள் வழுக்கி விழேல்லை எண்டு எனக்குத் தெரியும்" எண்டு சொல்லு. அந்தக் கமராவைக் கழட்டச் சொல்லியும் உன்ரை வாயாலேயே அவவிட்டைச் சொல்லு. நான் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கலாம், ஆனா அதுவும் இன்னொரு ஒளிப்பாய்த்தான் போகும். அவ திரும்பவும் விடியக் காலமை கிணத்திலை அள்ளிக் குளிக்கட்டும். கல்லு நல்ல சொரசொரப்பாய்த்தான் கிடக்கு, அவ வழுக்கமாட்டா.

இதை நாளைக்குக் காலமை தபால் கந்தோரிலை பதிவுத் தபாலிலை போட்டிட்டு, அப்பிடியே வந்து வீட்டு வாசலிலை நிப்பாட்டி அவவைக் கூப்பிடுவன். தலைக்கவசம் ரெண்டும் துடைச்சு வைச்சிருக்கிறன். அவ சீலை மாத்தி, தலை இழுத்து முடிஞ்சு, பின்கதவைப் பூட்டி, அந்த நொண்டுற காலோடை ஆறுதலாய் வரட்டும். நான் அவசரப்படுத்தமாட்டன். அவ ஏறி இருந்து, "சரி, எடுங்கோ" எண்டு சொல்லுமட்டும், ரெண்டு காலையும் மேலை வைச்சுக்கொண்டு இருப்பன்.

இப்படிக்கு,
உன்ரை அப்பா